சடையப்பனின் நெஞ்சுக்குள் இருந்தது

வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றிவிட வேண்டும் என்பதால், சித்திரை மாதத்தில் மரக்காணம் உப்பளத்துக் கூலிக்காரர்கள் கிழக்கு வெளுக்கும்போதே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். அன்றும் அப்படித்தான் இறங்கினார்கள். ஏழு மணி இருக்கும். பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்த சடையப்பன், பலகையில் ஒட்டிய சேற்றை வழித்துவிடக் குனிந்தான். நிமிர்ந்தவன் அப்படியே உப்புத் தண்ணீரில் சாய்ந்தான்.

பக்கத்துப் பாத்தியில் இருந்த சாலம்மாள்தான் பார்த்துக் கத்தினாள். நாலைந்து பேர் ஓடிவந்து தூக்கி, வரப்பில் உட்காரவைத்தார்கள். உட்காரவைத்த கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மூச்சு திரும்பியது. கண்ணைத் திறந்தபோது மேஸ்திரி பச்சமுத்துவின் முகம் அவன் முகத்துக்கு அரைச் சாண் தூரத்தில் இருந்தது. அவர் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடை ஒண்ணும் வரலியே" என்றார் பச்சமுத்து, மற்றவர்களைப் பார்த்து.

"நான் குடிக்கலண்ணே."

"நீ குடிச்சேன்னு நான் சொன்னனா?"

சொல்லவில்லைதான். ஆனால் சுற்றி நின்ற எல்லாருடைய கண்ணிலும் அது இருந்தது. முந்தின வருஷம்தான் பக்கத்து எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்துப்போயிருந்தார்கள். அதிலிருந்து அந்தப் பக்கத்தில் ஓர் ஆம்பளை நடையில் தடுமாறினாலே ஜனம் கூடிவிடும். அதிலும் சடையப்பன் ஒருகாலத்தில் குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவன் என்பது ஊரறிந்த விஷயம்.

"ஏம்பா சடையப்பா, கொஞ்ச நாள் வூட்ல இரு. ஒடம்பு தேறினப்புறம் வா. இங்க வுழுந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஸ்டேஷன்ல போய் நான்தான் நிக்கணும்" என்றார் பச்சமுத்து. கெட்ட மனுஷர் இல்லை அவர். பயந்த மனுஷர்.

சடையப்பன் பலகையைக் கழுவிக் கொட்டகையில் சாத்திவைத்துவிட்டு, வரப்பு வழியே தனியாக நடந்து போனான். அப்போது அவனுக்கு நாற்பத்து மூன்று வயது.

அவன் குடித்தது உண்மை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மகள் தமிழ்நிலா ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் ஆடிக்கொண்டிருக்கையில் போதையில் மேடை ஏறிவிட்டான். மகளைத் தூக்கிக் காட்டி, "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று மைக்கில் கத்தினான். யாரோ இழுத்து இறக்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்து வயசுக் குழந்தை அழாமல் நின்று சொன்னது: "நீ இனிமே எம் முன்னாடி வராத." மறுநாள் காலை அவன் மனைவி கிருபா, மகளைக் கூட்டிக்கொண்டு பிரம்மதேசத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு நாலு மாசம் இன்னும் மோசமாகக் குடித்தான். அப்புறம் ஒருநாள் விட்டுவிட்டான். கோயிலில் போய்ச் சத்தியம் செய்யவில்லை, கயிறு கட்டிக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தான், கடைப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். அடுத்த நாளும் போகவில்லை. குடியை விட்டதைச் சொல்லிச் சந்தோஷப்பட வீட்டில் ஆள் இல்லை. சொன்னாலும் ஊர் நம்பாது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மகள் சொன்ன வார்த்தையை மட்டும் காப்பாற்றினான். பிரம்மதேசம் பஸ்ஸில் ஒருநாளும் ஏறவில்லை.

உடம்புக்கு வந்தது எப்போது தொடங்கியது என்று அவனால் சரியாகச் சொல்ல முடியாது. முதலில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு அடைத்தது. எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். வலது பக்கம் படுத்துப் பழகினான். கொஞ்ச நாளில் மல்லாந்து படுத்தாலும் அடைத்தது. சுவரில் தலையணையை அணைத்துவைத்து உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டான். சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காய்ந்தது. சட்டை தொளதொளத்தது. தனியார் டாக்டர் ஒருவர் வீசிங் என்று சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து கொடுத்தார். இன்னொருவர் டிபியாக இருக்கும் என்று சளியை டெஸ்டுக்கு அனுப்பினார். டிபி இல்லை என்று வந்தது. அப்படியானால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்த நாட்களில்தான் அது நடந்தது. காலையில் டீக்கடைக்குப் போனான். டீ கேட்க வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. மனசுக்குள் 'ஒரு டீ' என்று தெளிவாக இருக்கிறது. வாயில் கொழகொழவென்று வேறு என்னவோ வருகிறது. வலது கையிலிருந்து சில்லறை நழுவிக் கீழே விழுந்தது.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா? போய்யா, போய்ப் படு" என்றார் கடைக்காரர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. சடையப்பன் கடை ஓரமாகப் போய் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்தான். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. கால் மணி நேரத்தில் கை பழையபடி ஆனது. "சடையப்பன்" என்று தன் பெயரைத் தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். வந்தது. எழுந்து நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தான்.

அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர் பிரியதர்ஷினிக்கு முப்பது வயசுகூட இருக்காது. எதிரில் கூட்டம் நெருக்கியடித்தது. அவன் சொன்னதைக் கேட்டதும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பேச்சு வரல, கை வுழுந்துது, அப்புறம் தானா சரியாயிடுச்சு. அப்படித்தானே? இதுக்கு முன்னாடி வேற என்னெல்லாம் இருந்துச்சு? எப்ப எப்ப மூச்சு வாங்குது?"

எப்போது என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. சடையப்பன் சொன்னான். இடது பக்கம் படுத்தால் வருவது, உட்கார்ந்தால் போவது, குனிந்து நிமிர்கையில் கண் இருட்டுவது, உட்கார்ந்தே தூங்குவது. அவள் அவனை உட்காரவைத்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். படுக்கச் சொல்லி வைத்தாள். இடது பக்கம் திரும்பச் சொல்லி வைத்தாள். மறுபடியும் உட்காரச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஒக்காந்தா ஒரு சத்தம் கேக்குது, படுத்தா வேற மாதிரி கேக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். "ஒதட்டுல இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம் எப்பத்துலேர்ந்து?"

"சின்ன வயசுலேர்ந்து இருக்குதுங்க. எங்கப்பாருக்கும் இருந்துச்சு."

"அப்பா இருக்காரா?"

"நாப்பது வயசுல போயிட்டாருங்க. உப்பளத்துலதான். வேலை செஞ்சிட்டே இருந்தவரு வுழுந்தாரு, அப்படியே போயிட்டாரு. வெயில் தாக்கிடுச்சுன்னாங்க."

டாக்டர் ஒரு சீட்டில் வேகமாக எழுதினாள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, புதுச்சேரியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்தாள். "நீங்க நடந்து போவாதீங்க. பஸ்லயும் போவாதீங்க. படுத்துட்டும் போவாதீங்க, சாஞ்சு ஒக்காந்துட்டே போங்க" என்றாள். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றதும் அவன் தோளில் ஒரு நிமிஷம் கையை வைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருட்டான ஒரு அறையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நெஞ்சில் சில்லென்று ஏதோ பசையைத் தடவி, ஒரு கருவியை அழுத்தி உருட்டினாள் அங்கே இருந்த பெண். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக இதயம் துடித்தது. அவள் கை திடீரென்று நின்றது. வெளியே போய் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அப்புறம் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். ஆறு பேர், எட்டுப் பேர், பத்துப் பேர். ஒவ்வொருவராக அவன் நெஞ்சில் காதுக்கருவியை வைத்துக் கேட்டார்கள். "தேங்க்ஸ் அண்ணா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஒன்பது வருஷத்தில் தன்னைச் சுற்றி இத்தனை பேர் அன்பாக நின்றதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. உடனே, அவர்கள் தன்னைப் பார்க்க வரவில்லை, உள்ளே இருப்பதைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றும் புரிந்தது.

இதய டாக்டர் சித்தார்த்தன் பொறுமையான மனிதர். திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது ஒங்க இதயம். மேல ரெண்டு ரூம், கீழ ரெண்டு ரூம். இடது பக்கம் மேல் ரூம்ல ஆடுது பாருங்க, அது இங்க இருக்கக் கூடாது."

சடையப்பன் பார்த்தான். வெள்ளையாக ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் கீழே இறங்கி வாசலை அடைத்துவிட்டு மேலே ஏறியது. உயிருள்ள ஜந்து போல இருந்தது.

"இது ஒரு கட்டி. மிக்ஸோமான்னு பேரு. நுங்கு மாதிரி கொழகொழன்னு இருக்கும். ஒரு காம்புல தொங்குது. நீங்க எப்படிப் படுக்கறீங்க, எப்படிக் குனியறீங்கங்கறதைப் பொறுத்து அது நகர்ந்து, ரத்தம் போற வழியை அடைச்சிடும். அப்பத்தான் மயக்கம். அதுலேர்ந்து ஒரு துணுக்கு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனதுல பேச்சு நின்னுச்சு. நல்லவேளை, ரொம்பச் சின்னத் துணுக்கு. வலது பக்கம் இன்னொரு சின்னக் கட்டியும் இருக்கு."

"கேன்சரா சார்?"

"இல்ல. சாதாரணக் கட்டிதான். ஆனா இருக்கற எடம் சாதாரண எடம் இல்ல. வெட்டி எடுத்துட்டா நீங்க நல்லாயிடுவீங்க. எடுக்காம வுட்டா, அடுத்த தடவை குனியும்போதே கூட..." அவர் திரையை அணைத்தார். "லட்சம் பேர்ல ஒருத்தருக்குக்கூட வராதுங்க இது."

ஊரில் வேறு யாருக்கும் வராத ஒன்று தனக்கு மட்டும் வந்திருக்கிறது. அதைக் கேட்டு அவனுக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. குடியால் வந்ததில்லையே என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது.

நாளைக் கடத்தாமல் ஆபரேஷன் என்றார்கள். கையெழுத்தை அவனே போட்டான். "ஆள் யாரு? வீட்டுல யாருக்காவது சொல்லணுமே" என்று நர்ஸ் கேட்டாள். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான், கிருபாவினுடையது. ஒன்பது வருஷமாகப் போடாத நம்பர். போனை வாங்கிப் போட்டான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. இரண்டாம் தடவையும் போட்டு, அந்தக் குரல் முழுசாகச் சொல்லி முடிக்கும் வரை கேட்டான். பிறகு சட்டைப் பையில் இருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துப் பச்சமுத்துவின் நம்பரைக் கொடுத்தான்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் பச்சமுத்து வந்து நின்றார். கையில் ஒரு பாக்கெட் ரொட்டி. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி. டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று முகமே சொன்னது.

"ரத்தம் வேணும்னாங்க. நம்ம ஆளுங்க மூணு பேரைக் கூட்டியாந்தேன். கீழ குடுத்துட்டிருக்கானுங்க."

"சரிண்ணே."

"அன்னிக்கி நான்..." என்று ஆரம்பித்த பச்சமுத்து ரொட்டிப் பாக்கெட்டைக் கட்டிலில் வைத்தார். எடுத்து ஜன்னலோரம் வைத்தார். "மோந்து பாத்துட்டேன் இல்ல" என்றார்.

"பரவால்லண்ணே. வேற யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க."

"அதான்யா கஷ்டமா இருக்குது" என்றார் அவர். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது தாழ்வாரத்தில் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முகம் தெரியாத ஒரு அம்மா, அவன் கூட யாரும் வராததைக் கவனித்து, தள்ளுவண்டிக் கம்பியைப் பிடித்தபடி கதவு வரை நடந்து வந்தாள். அவள் பெயரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தான். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கட்டிகளையும் அடிக்காம்போடு சேர்த்து எடுத்தார்கள். காம்பு பிடித்திருந்த சுவரையும் கொஞ்சம் வெட்டி, அந்த ஓட்டையில் ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். பிறகு இதயத்தை மறுபடியும் ஓடவிட்டார்கள். இவ்வளவும் நடந்ததை அவன் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அவனுக்கு நினைவிருப்பது, தொண்டையில் குழாயோடு கண் விழித்ததும், தாகமும், மணி என்ன என்று தெரியாத ஒரு வெளிச்சமும்தான்.

ஐந்தாம் நாள் நர்ஸ் அவனை இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். அவன் பயந்து கட்டில் கம்பியைப் பிடித்தான். மூச்சு அடைக்கவில்லை. காற்று சும்மா வந்து போனது. பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லலாம் என்று பார்த்தான். அவர் மகனும் மருமகளும் அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் விட்டுவிட்டான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சித்தார்த்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு. கெட்ட கட்டி இல்ல. ஆனா ஒரு விஷயம். பொதுவா இது ஒண்ணே ஒண்ணுதான் வரும், குடும்பத்துல வேற யாருக்கும் வராது. ஒங்களுக்கு ரெண்டு இருந்துச்சு. ஒதட்டுல புள்ளி இருக்கு. அப்பா சின்ன வயசுல திடீர்னு போயிருக்காரு. இது பரம்பரையா வர்ற வகையா இருக்கலாம். அப்படி இருந்தா ஒங்களுக்குத் திரும்பவும் வரலாம், வருஷா வருஷம் எக்கோ, அதான் அன்னிக்கி எடுத்த அந்த நெஞ்சு ஸ்கேன், பாக்கணும். பிள்ளைங்க இருக்காங்களா?"

சடையப்பன் மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தான்.

"ஒரு பொண்ணு."

"அவங்களையும் பாத்துடணும். பரம்பரை வகைன்னா அவங்களுக்கும் வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. வலி இல்லாத டெஸ்டுதான். தள்ளிப் போடாதீங்க."

நெஞ்செலும்பு கூடுகிற வரை மூன்று மாசம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். அந்த மூன்று மாசமும் அவன் ஒன்றையே யோசித்தான். அவள் முன்னால் போகக் கூடாது. ஆனால் போகாமல் இருந்தால்? தன் அப்பா பாத்தியில் விழுந்து கிடந்த கோலம் அவனுக்கு நினைவிருந்தது. அந்த இடத்தில் மகளை வைத்துப் பார்க்க முடியவில்லை. புரட்டாசி மாசம் ஒருநாள், ஆஸ்பத்திரி பைலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பிரம்மதேசம் பஸ்ஸில் ஏறினான்.

கிருபா அப்போதுதான் நூறு நாள் வேலை முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்தாள். முன்தலை நரைத்திருந்தது.

"எதுக்கு வந்தே?"

"தமிழைப் பாக்கணும்."

"அவ இங்க இல்ல. குயிலாப்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வேலை செய்யறா. நீ எதுக்கு அவளப் பாக்கணும்?"

"நெஞ்சுல ஒரு டெஸ்ட் எடுக்கணும் அவளுக்கு. எனக்குக் கட்டி இருந்துச்சு. எடுத்துட்டாங்க. அது அவளுக்கும் இருக்கலாமாம்." பைலை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் சட்டையின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றினான். கழுத்துக்குக் கீழிருந்து நேராக இறங்கிய தழும்பைக் கிருபா பார்த்தாள்.

"குடிச்சுக் குடிச்சு வந்தது."

"இல்ல கிருபா. குடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுதியே குடுத்திருக்காங்க. எங்கப்பாகிட்டேர்ந்து வந்திருக்கும்ன்றாங்க."

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். "நான் சொல்லிப் பாக்கறேன். நீ அங்கெல்லாம் போயி நிக்காத" என்றாள். உள்ளே போகத் திரும்பியவள் நின்று கேட்டாள்: "ஆஸ்பத்திரில கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

அவள் உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவருவாள் என்று நினைத்து அவன் வாசலிலேயே நின்றான். வரவில்லை. பஸ் வருகிற சத்தம் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

ஐப்பசி மழை தொடங்கி உப்பளமெல்லாம் தண்ணீரானது. கிருபாவிடமிருந்து தகவல் இல்லை. ஒரு மாசம் பார்த்தான். பிறகு, மழை ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி இறங்கி, குயிலாப்பாளையத்துக்கு நடந்தான். அந்த ஊரில் கெஸ்ட் ஹவுஸ் ஒன்று இரண்டு இல்லை. வெள்ளைக்காரர்கள் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த தெருவில் ஒவ்வொரு வாசலாக நின்று, "தமிழ்நிலான்னு ஒரு பொண்ணு வேலை செய்யுதாங்க?" என்று கேட்டான். ஏழாவது இடத்தில் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் அவளே உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் நெற்றி. அவனுடைய வாய். பத்தொன்பது வயசு. நிமிர்ந்து பார்த்து, பழகிய மரியாதையோடு சொன்னாள்:

"ரூம் எதுவும் காலி இல்லீங்க சார்."

"ரூம் வேணாம்மா."

"வேற என்ன வேணுங்க?"

"நான் சடையப்பன்" என்றான். அப்பா என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவள் கையிலிருந்த பேனாவின் மூடியைப் போட்டாள். கழற்றினாள். மறுபடியும் போட்டாள். "அம்மா சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏம்மா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். என்னைப் பாக்கறதுக்கு நீங்க ஒரு சாக்கு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"சாக்குன்னே வச்சுக்க. டெஸ்ட் மட்டும் எடுத்துடு. எந்த பில்டிங், எந்த மாடி, யாரைப் பாக்கணும், எல்லாம் இந்தச் சீட்டுல டாக்டர் எழுதியிருக்காரு. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்." சீட்டை மேஜையில் வைத்தான். அவள் உதட்டின் ஓரத்தில், பூசியிருந்த சாயத்துக்குக் கீழே மங்கலாகத் தெரிந்த புள்ளிகளைப் பார்த்தான். பார்க்காததுபோல் திரும்பினான்.

"இப்பவும் குடிக்கிறீங்களா?" குரல் முதுகில் வந்து தொட்டது.

"இல்லம்மா. நீங்க வூட்ட வுட்டுப் போன அந்த வருஷமே வுட்டுட்டேன்."

"ஒம்பது வருஷமாவா? அம்மாவுக்குத் தெரியாதே. அப்புறம் ஏன் வந்து பாக்கல?"

"நீதானேம்மா சொன்னே, எம் முன்னாடி வராதன்னு."

தமிழ்நிலா அவனை விழித்துப் பார்த்தாள். "நானா? எப்ப?"

"ஆண்டு விழா அன்னிக்கி. வூட்டுக்கு வந்தப்புறம்."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அவனுக்கு அது தெரிந்தது. "நீங்க மேடையில ஏறினது ஞாபகம் இருக்குது. அழுதது ஞாபகம் இருக்குது. அப்படிச் சொன்னது..." தலையை ஆட்டினாள். "இல்ல. ஞாபகம் இல்ல."

சடையப்பன் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டான். மேஜைக்கு முன்னால் விருந்தாளிகளுக்காகப் போட்டிருந்த பிரம்பு நாற்காலியில். ஒரு குழந்தை கோபத்தில் சொல்லி மறந்துபோன வார்த்தையை அவன் ஒன்பது வருஷம் காவல் காத்திருக்கிறான். யாரைக் குற்றம் சொல்வது? அவளையா? அவள் மறந்ததே நல்லது. அவள் ஒரு கிளாஸ் தண்ணீரை அவன் முன்னால் வைத்தாள். அவன் குடித்து முடிக்கிற வரை சீட்டைப் படித்தாள்.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அம்மாவால வர முடியாது, கால் வலி. அங்க எனக்கு யாரையும் தெரியாது. நீங்களும் வாங்க" என்றாள். அதில் பாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது. வழி கேட்கிறவளின் குரல்தான் அது.

வெள்ளிக்கிழமை அவள் எக்கோ அறைக்குள் போனபோது அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அன்று அந்த அறைக்குள் ஒரு டாக்டர் போனார். இன்னொருவர் போகிறாரா, படிக்கிற பிள்ளைகள் போகிறார்களா என்று கதவையே பார்த்தான். யாரும் போகவில்லை. டாக்டர் சித்தார்த்தன் வெளியே வந்து, "சுத்தமா இருக்கு. இப்போதைக்கு எதுவும் இல்ல. ஆனா ஒதட்டுல புள்ளி இருக்கறதால வருஷத்துக்கு ஒருக்கா கண்டிப்பா பாத்துக்கணும்" என்றார். சடையப்பன் கை எடுத்துக் கும்பிட்டான்.

ஆஸ்பத்திரி கேண்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தமிழ்நிலா காபியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்: "ஒருவேளை எனக்கு வந்தா, எனக்கு எப்படித் தெரியும்? ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். சுவரில் சாய்ந்து தூங்கியது, டீக்கடையில் வாய் குழறியது, எல்லாரும் சிரித்தது, பனைமரத்தடியில் தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தது. அவள் கப்பைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மோந்து பார்த்ததைச் சொன்னபோது மட்டும் கப்பைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். சொல்லி முடித்தபோது காபி ஆறியிருந்தது. நான்கு மணி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கையசைத்தாளா, முடியை ஒதுக்கினாளா என்று அவனால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு குடும்பம் ஒன்று சேர்ந்துவிடவில்லை. கிருபா பிரம்மதேசத்திலேயே இருக்கிறாள். ஒருதடவை தழும்பு நன்றாக ஆறிவிட்டதா என்று மகள் மூலம் கேட்டனுப்பினாள், அவ்வளவுதான். தமிழ்நிலா பெங்களூரில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சடையப்பன் இப்போது பலகை பிடிப்பதில்லை. பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பச்சமுத்து அவனுக்குக் கொடுத்திருக்கிறார். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, கொட்டகையில் உட்கார்ந்து, தண்ணீர் பாத்தி பாத்தியாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. முதல் வருஷத்து எக்கோவில் அவனுக்கும் எதுவும் இல்லை. அதற்கு அவன் தனியாகத்தான் போய்வந்தான்.

மாசத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாசத்துக்கு ஒருமுறையோ மத்தியானத்தில் போன் வரும். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கும்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. ஒனக்கு?"

"இல்ல. சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"சரி, வேலை இருக்குது, வைக்கிறேன்ப்பா."

போன மாசம்தான் முதல்முறையாகக் கடைசியில் அந்த 'ப்பா' வந்தது. அவள் கவனித்துச் சொன்னாளா, வாய் தவறி வந்ததா என்று தெரியவில்லை. கேட்கவும் அவன் துணியவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாரை நிறுத்தப் போனான்.